மூன்று மாதத்துக்கு ஓர் அறை



போன கிழமை பரந்தனிலிருந்து ஓர் அம்மா போன் எடுத்தார். நம் இதழைத் தொடர்ந்து வாங்குகிறவர். சமையல் பக்கத்தில் உப்பு அளவு பிழைத்தாலும் எடுத்துச் சொல்லிவிடுவார். இந்த முறை விஷயம் உப்பு இல்லை.

"தம்பி, மகள் ட்ரெய்னிங்குக்கு வெளிநாடு போகப்போறன் எண்டு ஒற்றைக் காலில நிக்கிறாள். அணு எண்டு ஏதோ சொல்லுறாள். குண்டு செய்யிற இடமோ தம்பி?"

எனக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போயும் விட்டது. அவர் கேட்டதில் சிரிக்க என்ன இருக்கிறது? குண்டு என்றால் என்னவென்று புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டவர்களா நாங்கள்? 2009 ஜனவரியில் போரில் பரந்தன் சந்தி கைமாறியபோது, ஐந்தாறு வயதுப் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று நடந்தவர் அவர். அன்று நடந்த அந்தப் பிள்ளைதான் இன்று அறிவியல் நகரில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தில் படிக்கிறாள். பரந்தன் சந்தியில் பஸ் ஏறினால் கிளிநொச்சி தாண்டி, ஏ9 வீதியிலேயே கம்பஸ் வாசலில் இறங்கலாம். அவள் போக விரும்புவது குண்டு செய்கிற இடத்துக்கு அல்ல. அணுக்கரு இணைவு, அதாவது பியூஷன், அதை ஆராய்கிற ஓர் ஆய்வுகூடத்துக்கு.

இதை போனில் விளங்கப்படுத்த எனக்கு முக்கால் மணி நேரம் பிடித்தது. அம்மா கேட்ட கேள்விகள் எல்லா வீட்டுக்கும் பொதுவானவை என்று பட்டது. அதனால்தான் இந்தப் பக்கம்.

அணு என்றதும் நம் மனம் ஹிரோஷிமாவுக்கும் செர்னோபிலுக்கும் போகிறது. அவை கனமான அணுக்கருவை உடைத்ததால் வந்தவை. இணைவு நேர் எதிர். ஹைட்ரஜனின் கனமான வகைகள் இரண்டை நெருக்கி ஒன்றாக்கினால் ஹீலியம் பிறக்கிறது, கூடவே வெப்பமும். சூரியன் எரிவதும் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் இணைவதால்தான். ஹைட்ரஜன் குண்டும் இதே தத்துவத்தில்தான் வெடிக்கிறது. அதை மறைத்துவிட்டு உங்களுக்கு ஆறுதல் சொன்னால் நாளைக்கு நீங்கள் என்னை நம்ப மாட்டீர்கள். ஆனால் ஆய்வுகூட உலைக்குள் ஒரு நேரத்தில் இருக்கும் எரிபொருள் சில கிராம்கூட வராது. ஏதாவது பிழைத்தால் வெடிக்காது, அணைந்துபோகும். அணைந்துபோவதுதான் விஞ்ஞானிகளின் தலையிடியே. கதிரியக்கம் துப்புரவாக இல்லை என்றும் சொல்ல மாட்டேன். எரிபொருளில் ஒன்றான டிரிட்டியம் கதிரியக்கம் உள்ளது. உலையின் உட்சுவரும் நாளடைவில் அப்படி ஆகும். அதற்கான பாதுகாப்பு விதிகள் உண்டு. பயிற்சிக்கு வந்த பிள்ளையை அந்தப் பக்கம் சும்மா உலாவ விடமாட்டார்கள்.

"அப்ப அதைக் கொதிக்க வைக்கிற பானை எப்பிடிப்பட்டது?" என்று கேட்டார் அம்மா. எவ்வளவு சரியான கேள்வி! பூமியில் இந்த வேலை நடக்க ஏறத்தாழ 15 கோடி பாகை வெப்பம் வேண்டும். சூரியனின் நடுவிலேயே ஒன்றரைக் கோடிதான். அதைத் தாங்கும் பானை உலகத்தில் எங்கும் கிடையாது. ஆகவே பானை இல்லாமலே பொங்குகிறார்கள். உளுந்து வடை போல நடுவில் துளையுள்ள ஒரு பெரிய கூடு. அதைச் சுற்றிப் பலமான காந்தங்கள். எரிகிற வாயு சுவரில் முட்டாதபடி அந்தரத்தில் பிடித்து வைப்பது காந்தங்களின் வேலை. டோகமாக் என்று ரஷ்யர்கள் வைத்த பெயர். உள்ளே 15 கோடி பாகை. சில மீட்டர் தள்ளி காந்தம் இருக்கும் இடத்தில் பூச்சியத்துக்குக் கீழே 269 பாகைக் குளிர். ஒரே வீட்டில் அடுப்பும் பிரிஜ்ஜும் இவ்வளவு பக்கத்தில் வேறெங்கே இருக்கிறது?

"அப்ப எங்கட கரண்ட் பில் குறையுமோ?"

இங்கேதான் நான் ஒளிக்காமல் பேச வேண்டும். பத்திரிகைகளில் 'எல்லையற்ற மின்சாரம்' என்று தலைப்பு வரும்போதெல்லாம் எனக்கு நம் கரண்ட் பில்தான் ஞாபகம் வரும். 2022 டிசம்பரில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் லேசர் ஒளியைப் பாய்ச்சி ஒரு சோதனை செய்தார்கள். எரிபொருள் வைத்த சிமிழின் மேல் விழுந்த ஒளியைவிட வெளியே வந்த ஆற்றல் கூடுதல் என்று உலகமே கைதட்டியது. கைதட்ட வேண்டிய சாதனைதான். ஆனால் அதை யூனிட் கணக்கில் போட்டுப் பாருங்கள். வெளியே வந்தது ஒரு யூனிட்டுக்கும் குறைவு. அந்த லேசரை இயக்க இழுத்த மின்சாரம் 80 யூனிட்டுக்கு மேல். ஒரு சின்ன வீட்டின் ஒரு மாதப் பாவனையைச் செலவழித்து ஒரு கேத்தில் சில தடவை கொதிக்கிற வெப்பத்தை எடுத்திருக்கிறார்கள். ஈர விறகைப் பற்றவைக்க மூன்று போத்தல் மண்ணெண்ணெய் ஊற்றின கதை.

இங்கிலாந்தில் ஒக்ஸ்போர்ட் பக்கத்தில் கல்ஹம் என்ற இடத்தில் இருந்த ஜெட் என்ற டோகமாக், மூடப்படுவதற்குச் சற்று முன், 2023 ஒக்டோபரில், ஐந்தாறு விநாடிக்குள் 19 யூனிட் அளவு ஆற்றலைத் தந்தது. அதுவும் வாங்கியதைவிடக் கொடுத்தது குறைவுதான். ஆனால் எரிந்தது எவ்வளவு தெரியுமா? 0.2 மில்லிகிராம். கிராமில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு. அதே வெப்பத்துக்கு நிலக்கரி என்றால் 2 கிலோ வேண்டும். ஏன் இத்தனை நாடுகள் இதன் பின்னால் காசைக் கொட்டுகின்றன என்பது இந்த ஒரு கணக்கில் விளங்கிவிடும்.

பிரான்சின் தெற்கே கடராஷில் கட்டப்படும் ஈட்டர்தான் இதில் எல்லாவற்றிலும் பெரியது. ஐரோப்பிய ஒன்றியம், அமெரிக்கா, ரஷ்யா, சீனா, ஜப்பான், தென்கொரியா, இந்தியா ஆகியவற்றின் கூட்டு முயற்சி. அதை மூடும் 3,850 டன் உருக்குக் கூட்டை இந்தியா செய்து கொடுத்தது. குஜராத்தின் ஹசிராவில் துண்டு துண்டாகச் செய்து, கப்பலில் அனுப்பி, அங்கே ஒட்டினார்கள். முழு எரிபொருளோடு அந்த உலை ஓடப்போவது 2039இல் என்று இப்போதைய திட்டம் சொல்கிறது. அப்போதும் அது ஒரு யூனிட் மின்சாரம்கூட விற்காது. சோதனைக் கூடம் மட்டுமே. ஆக, பரந்தனில் ஒரு பல்ப் பியூஷனால் எரிய நான் உயிரோடு இருப்பேனா தெரியாது. இன்றைக்கு பில் குறைய வேண்டுமென்றால் கூரையில் சோலர் பூட்டுங்கள். அம்மாவிடமும் அதைத்தான் சொன்னேன்.

"பிறகேன் தம்பி பிள்ளை அங்க போக வேணும்?"

இந்தக் கேள்விக்குத்தான் முக்கால் மணி நேரத்தில் பாதி போனது.

ஈட்டரில் வந்த ஒரு பெரிய சிக்கலை 2022இல் அறிவித்தார்கள். காந்தங்களின் குளிரைக் காக்கும் கவசத் தகடுகளில் பொருத்தியிருந்த குழாய்களில் வெடிப்பு. ஆழம் 2 மில்லிமீட்டர் சொச்சம். காரணம் என்ன? வெல்டிங் செய்த இடத்துக்குப் பக்கத்தில், கழுவியும் போகாமல் ஒட்டியிருந்த குளோரின் மிச்சம். அது மெல்ல மெல்ல உருக்கை அரித்துவிட்டது. 20 கிலோமீட்டருக்கு மேற்பட்ட குழாயை மாற்ற வேண்டி வந்தது. இதுவும், பாகங்களின் அளவுகளில் வந்த இன்னொரு பிழையும் சேர்ந்து, உலகத்தின் மிகப் பெரிய விஞ்ஞானத் திட்டங்களில் ஒன்றைப் பின்னுக்குத் தள்ளின. இப்படிப்பட்ட சின்னப் பிழையைப் பிடிக்கப் பழகத்தான் பிள்ளை அங்கே போக வேண்டும்.

குளோரின்! பரந்தன்காரருக்கு இந்தப் பெயரை அறிமுகம் செய்ய வேண்டுமா?

1950களில் தொடங்கிய பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆனையிறவு உப்பு வரும். அதைக் கரைத்து மின்சாரம் பாய்ச்சுவார்கள். கோஸ்டிக் சோடா ஒரு பக்கம், குளோரின் மறு பக்கம். நாட்டின் சவர்க்காரத்துக்கும் குடிதண்ணீருக்கும் போனது இங்கிருந்துதான். சைரன் ஊதினால் ஊரே மணி பார்க்கும் என்று ஒரு பெரியவர் எனக்குச் சொல்லியிருக்கிறார். 1980களின் நடுவில் போர் அதை நிறுத்தியது. துருப்பிடித்த மிச்சம்தான் இப்போது வீதியால் போகிறவர்களுக்குத் தெரிகிறது. திரும்பத் திறக்கப்போகிறார்கள் என்ற பேச்சு தேர்தல் மழைபோல வந்து வந்து போயிருக்கிறது.

அங்கே நடந்த மின்பகுப்புக்கும் பியூஷனுக்கும் ஓர் உறவு உண்டு. இணைவுக்கு வேண்டிய எரிபொருளில் ஒன்று டியூட்டீரியம். சாதாரணத் தண்ணீரிலேயே அது இருக்கிறது. ஆயிரம் லீட்டர் கடல்நீரில் 33 கிராம் அளவு. நீரில் மின்சாரம் பாய்ச்சினால் இலேசான ஹைட்ரஜன் முதலில் பறந்துவிடும், கனமானது பின்தங்கும். உலகத்தில் முதன்முதலாகக் கனநீர் எடுத்தது இந்த வழியில்தான். பரந்தனில் யாரும் கனநீர் எடுக்கவில்லை. ஆனால் உயர்தர இரசாயனவியலில் கோஸ்டிக் சோடா உற்பத்தியைப் பாடமாக்கும் பிள்ளைக்கு, தன் வீட்டிலிருந்து சைக்கிளில் போகிற தூரத்தில் அது நடந்தது என்று யாராவது சொல்லிக் கொடுக்கிறோமா? பெரிய தொழில்நுட்பம் எல்லாம் வேறெங்கோ, வேறு யாருக்கோ என்ற நினைப்பு பரந்தனில் வளர நியாயமே இல்லை.

இன்டர்ன்ஷிப் போகிற பிள்ளை மூன்று மாதம் அங்கே என்ன செய்யும்? சூரியனைக் கையில் பிடிக்காது. பெரும்பாலும் ஒரு மேசை, ஒரு கணினி, ஒரு மேற்பார்வையாளர். உணர்கருவிகள் தந்த இலக்கங்களைப் பார்த்து எது உண்மை, எது கருவியின் கோளாறு என்று பிரிக்கும். நிரல் எழுதும். அதிர்ஷ்டம் இருந்தால் வெற்றிடக் கூடத்தில் ஒழுக்கு பார்க்கிற வேலை கிடைக்கும். உள்ளே காற்றை உறிஞ்சிவிட்டு, வெளியே மூட்டு மூட்டாக ஹீலியம் வாயுவை அடிப்பார்கள். உள்ளே ஹீலியம் தென்பட்டால் அந்த மூட்டில் ஓட்டை. சைக்கிள் டியூபுக்குக் காற்றடித்து, வாளித் தண்ணீரில் அமுக்கி, குமிழி எங்கே வருகிறது என்று பார்க்கிறோமே, அதே யுக்திதான். பஞ்சர் கடையில் ஒருவருக்கு அரை மணி நேரம் பிடிக்கும். அங்கே அதே பொறுமை நாள் முழுக்க, கிழமைக் கணக்கில் வேண்டும்.

இந்தப் பொறுமையோடு திரும்பி வருகிற பிள்ளைக்கு வேலை பியூஷனில் மட்டுந்தானா இருக்கிறது? எம்.ஆர்.ஐ. ஸ்கேன் இயந்திரத்துக்குள் இருப்பதும் அதே கடுங்குளிர்க் காந்தம்தான். காற்றாலை, சோலர், மின்கட்டமைப்பு எதுவென்றாலும் உணர்கருவியும் நிரலும் வேண்டும். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறையில் ஒரு குரங்கு உபமின்நிலையத்துக்குள் பாய்ந்ததால் நாடு முழுக்கக் கரண்ட் போனது என்று சொன்னார்களே, ஞாபகம் இருக்கிறதா? ஒரு குரங்கின் கைக்கு இவ்வளவு இலகுவாக எட்டாத மின்கட்டமைப்பை வடிவமைக்கவும் நமக்குப் பொறியியலாளர்கள் தேவை.

இன்னொன்று. வன்னியில் வளர்ந்தவர்களுக்கு ஆற்றல் என்பது பாடப்புத்தகச் சொல் அல்ல. மின்சாரமும் இல்லாமல், பற்றரிக்கும் தடை இருந்த போர்க்காலத்தில், ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெயும் ஒரு திரியும் வைத்து விளக்காக்கினார்கள். காற்றுக்கு அணையாது, எண்ணெயும் குடிக்காது. அந்த வெளிச்சத்தில் படித்துக் கம்பஸ் போனவர்கள் இன்று நம் வாசகர்களில் எத்தனை பேர்! சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடல் சுற்ற, டைனமோவில் றேடியோ பாட, பத்துப் பேர் சுற்றியிருந்து செய்தி கேட்டதை என்னிடம் சொல்லும்போது அந்த அம்மாவின் குரல் மாறியது. "நானும் சுத்தினனான் தம்பி. கை விட்டிருக்கும். செய்தி முடியுமட்டும் நிப்பாட்ட விடமாட்டினம்." அந்தக் கை சுற்றியதன் மிச்சம்தான் மகளின் ஆசை என்று எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை, அவருக்கே தெரிந்திருக்கும்.

சரி, எப்படிப் போவது? இலங்கை ஈட்டர் கூட்டணியில் இல்லை. ஆகவே அந்த வாசல் ஒன்றை மட்டும் நம்பி நிற்க வேண்டாம். வேறு வாசல்கள் இருக்கின்றன. இத்தாலியின் திரியெஸ்தெ நகரில், அப்துஸ் சலாம் 1964இல் தொடங்கிய பௌதிகவியல் மையம், வளரும் நாட்டுப் பிள்ளைகளுக்காகவே இயங்குகிறது. பிளாஸ்மா பௌதிகத்தில் அங்கே குறுகிய காலப் பயிலரங்குகள் நடக்கும், தேர்வாகிறவர்களில் பலருக்குச் செலவுக்கும் உதவுவார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் இராஸ்மஸ் முண்டுஸ் முதுமாணிப் படிப்புகளுக்கு எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். புலமைப்பரிசில் கிடைத்தால் மாதம் 1,400 யூரோ. ஜெனீவாவின் சேர்ன் ஆய்வுகூடம் பியூஷன் செய்வதில்லை, ஆனால் கடுங்குளிர்க் காந்தங்களுக்கு அதைவிட நல்ல பள்ளிக்கூடம் எது? அதன் கோடைகால மாணவர் திட்டத்துக்கு உறுப்பு நாடு அல்லாத நாட்டுப் பிள்ளைகளும் விண்ணப்பிக்கலாம். தங்கும் செலவுக்குக் கொடுப்பனவும் உண்டு.

பெண் பிள்ளைகளுக்கு இன்னொன்று. சர்வதேச அணுசக்தி முகவரகம் 2020இல் மேரி கியூரியின் பெயரில் ஒரு புலமைப்பரிசில் தொடங்கியது. அணுத்துறையில் முதுமாணி படிக்கிற பெண்களுக்கு மட்டும். படிப்புக் கட்டணத்துக்கு வருடம் 10,000 யூரோ வரை, வாழ்க்கைச் செலவுக்கு இன்னொரு 10,000 வரை, இரண்டு வருடத்துக்கு. அதன்பின் இன்டர்ன்ஷிப்புக்கும் அவர்களே வழி செய்வார்கள். இலங்கை 1957இலேயே அந்த முகவரகத்தில் உறுப்பினர். நம் பிள்ளைகள் விண்ணப்பிக்காமல் விட்டால் பிழை யார் மேல்? விதிகளும் முடிவுத் திகதியும் வருடத்துக்கு வருடம் மாறும். விண்ணப்பிக்குமுன் அந்தந்த நிறுவனத்தின் அறிவித்தலை நேரே பாருங்கள்.

ஏஜென்சிக்காரரிடம் மட்டும் போகாதீர்கள். வெளிநாடு என்றால் தோட்டை அடகு வைத்து யாருக்கோ காசு கட்டுவது என்று நமக்குப் பழகிவிட்டது. நல்ல ஆய்வுகூடம் எதுவும் இன்டர்ன்ஷிப் தருவதற்கு உங்களிடம் இலட்சக்கணக்கில் கேட்காது. கேட்டால் போனை வையுங்கள். இதில் எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. என் அக்காவின் மகனுக்கு 'ஐரோப்பாவில் ட்ரெய்னிங்' என்று ஓர் ஆள் வாங்கிய காசு இன்றுவரை திரும்பவில்லை. அக்கா இப்போதும் வெறும் காதோடுதான் கோயிலுக்குப் போகிறாள்.

தேவைப்படுவது வேறு. கடவுச்சீட்டு, அதற்கு வவுனியாவிலேயே அலுவலகம் இருக்கிறது. ஒரு பக்கத்தில் தன்னைப் பற்றிச் சுருக்கமாக எழுதிய தாள். பிள்ளையை உண்மையில் அறிந்த ஒரு விரிவுரையாளரின் கடிதம். பேசத் தயங்காத அளவு ஆங்கிலம். பத்து இடத்துக்கு எழுதினால் எட்டு இடத்திலிருந்து பதிலே வராது. அதற்கு வீட்டார் முகம் சுளிக்காமல் இருந்தாலே பாதி உதவி.

அம்மாவின் கடைசிக் கேள்வி, நான் எதிர்பார்த்தது. "பெம்பிளைப் பிள்ளை, தனிய..." என்று இழுத்தார். அந்தப் பயத்தை நான் பழிக்க மாட்டேன். ஆனால் ஒன்று கேட்டேன். இதே பிள்ளை கலியாணம் கட்டி கனடா போவதென்றால், முன்பின் தெரியாத ஒருவரை நம்பி, திரும்பி வருகிற டிக்கெட்டும் இல்லாமல் அனுப்புவோமா மாட்டோமா? இது மூன்று மாதம். திரும்பி வருகிற திகதி தெரியும். மேற்பார்வையாளர் யார், தங்குமிடம் எது, எல்லாம் கடிதத்தில் இருக்கும். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அங்க குளிருக்கு என்ன குடுத்து விடலாம்?" என்றார். மிளகாய்த்தூள் என்றேன்.

இனிப் புலம்பெயர்ந்த வாசகர்களிடம் ஒரு வார்த்தை. இந்த ஆய்வுகூடங்கள் இருக்கும் இடங்களைப் பாருங்கள். கல்ஹம், லண்டனிலிருந்து ஒன்றரை மணி நேரம். ஜெர்மனியில் இதே ஆராய்ச்சி நடக்கும் கார்ஹிங், மியூனிக் நகரின் ஓரம். சுவிஸ் லோசானில் 1992 முதல் ஒரு டோகமாக் ஓடுகிறது. சேர்ன் அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குள். சுவிஸில் நம்மவர் இல்லாத ஊர் எது? கடராஷ்தான் கொஞ்சம் தூரம். பாரிஸ் லாசப்பலில் சித்தப்பா இருக்கிறார் என்று நம்பிப் போனால் 700 கிலோமீட்டர் தள்ளி நிற்க வேண்டி வரும். மார்செய் பக்கம் யாராவது இருந்தால் நல்லது. பிள்ளைகளுக்குக் கிடைக்கிற கொடுப்பனவில் பெரும்பங்கை வாடகைதான் விழுங்குகிறது. தேர்வான பிள்ளைகளும் அதனாலேயே பின்வாங்குகிறார்கள்.

ஊருக்கு நீங்கள் அனுப்புகிற காசில் மண்டபங்களும் வளைவுகளும் எழும்புகின்றன. வேண்டாம் என்று சொல்லவில்லை. உங்கள் வீட்டில் ஓர் அறை மூன்று மாதத்துக்குச் சும்மா கிடக்குமென்றால், எந்த ஊர், எந்த மாதம் என்று ஒரு வரி இதழ் முகவரிக்கு எழுதுங்கள். பிள்ளையையும் வீட்டையும் நன்றாக விசாரித்துத்தான் சேர்த்து வைப்போம். உங்கள் விபரம் எதையும் அச்சில் போடமாட்டோம். பரந்தன் மகள் விண்ணப்பம் எழுதத் தொடங்கிவிட்டாள்.

அன்புடன்,
ஆசிரியர்